ஐஇஎல்டிஎஸ் ரீடிங்கில் மார்க் எங்கே ஒழுகுகிறது? அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழி

"மிஸ், ரீடிங் வரல." ஐஇஎல்டிஎஸ் வகுப்புக்கு என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் இந்த மூன்று சொல்லோடுதான் வருகிறார்கள். (ஐஇஎல்டிஎஸ் என்பது வெளிநாட்டில் படிக்க, வேலைக்குப் போகக் கேட்கும் ஆங்கிலத் தேர்வு; லிசனிங், ரீடிங், ரைட்டிங், ஸ்பீக்கிங் என்று நான்கு பகுதி.) வீட்டில் மோட்டார் பழுதென்று ஆளைக் கூப்பிட்டால் அவர் முதலில் கேட்பது என்ன? "மோட்டார் ஓடவே இல்லையா, இல்ல ஓடுது, தண்ணி ஏறலையா?" ஓடவே இல்லையென்றால் கெபாசிட்டரைப் பார்ப்பார். ஓடியும் ஏறவில்லையென்றால் ஃபுட் வால்வைப் பார்ப்பார். ரீடிங்குக்கு மட்டும் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. எல்லாருக்கும் ஒரே கஷாயம்: "தினமும் இங்கிலீஷ் பேப்பர் படி, தானா வரும்." ஆறு மாதம் படித்துவிட்டு அதே 6.5 பேண்டோடு (9-தான் உச்சம்) திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும்.

தேர்வின் அளவுகளை ஒருமுறை சொல்லிவிடுகிறேன், கணக்குக்குத் தேவைப்படும். 60 நிமிடம், 40 கேள்வி. மேல்படிப்புக்குப் போகிறவர்கள் எழுதும் அகாடமிக் பிரிவில் மூன்று பேசேஜ், அதாவது படித்து விடை எழுதவேண்டிய கட்டுரை. மூன்றும் சேர்ந்து 2150 முதல் 2750 சொற்கள். தப்புக்கு மைனஸ் கிடையாது. அகாடமிக்கில் ஏறத்தாழ 23 சரியென்றால் 6 பேண்ட், 30 என்றால் 7, 35 என்றால் 8. குடியேறப் போகிறவர்கள் எழுதும் ஜெனரல் டிரெய்னிங்கில் பேசேஜ் எளிது என்பதால் அதே 7-க்கு 34 வேண்டும். தாளுக்குத் தாள் ஒன்றிரண்டு மார்க் மாறும்.

முதலில் பழுது எங்கே என்று பார்க்க: மூன்று மை சோதனை

இதுவரை பார்க்காத ஒரு முழுத் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். கடிகாரம் வைத்து 60 நிமிடம் நீல மையில் எழுதுங்கள். மணி அடித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள். விடைப் பக்கத்தைத் திறக்கவே கூடாது. ஒரு காபி குடித்துவிட்டு வந்து, கடிகாரமே இல்லாமல் எல்லாக் கேள்வியையும் மறுபடி பாருங்கள். மாற்றுவதைச் சிவப்பில் மாற்றுங்கள். மூன்றாவது சுற்றில் அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மாற்றுவதைப் பச்சையில் எழுதுங்கள். பிறகுதான் திருத்தவேண்டும், மூன்று மைக்கும் தனித்தனி மொத்தம் போட்டு.

நீலம் 21, சிவப்பு 33 என்று வந்தால் உங்கள் ஆங்கிலத்தில் குறையில்லை, நேரத்தைச் செலவழிக்கும் விதத்தில்தான் குறை. நீலம் 21, சிவப்பு 23, பச்சை 32 என்றால் சொல்வளம். மூன்றும் 21, 22, 23 என்று ஒட்டிக்கொண்டே வந்தால், நேரமும் அகராதியும் கொடுத்தும் தேறவில்லை என்று பொருள். வாக்கியத்தையோ கேள்வியையோ வேறு மாதிரிப் புரிந்துகொள்கிறீர்கள். நான் பார்த்தவரை மூன்றாவது கூட்டம்தான் பெரிது. அவர்களில் பலர் தங்களை முதல் கூட்டம் என்று நம்பி ஸ்பீட் ரீடிங் வகுப்புக்குப் பணம் கட்டியிருப்பார்கள்.

நான்காவதாக ஒரு வகையும் உண்டு. நீலத்தில் சரியாக இருந்ததைச் சிவப்பில் தப்பாக மாற்றியவர்கள். ஒரே தாளில் நாலைந்து இப்படி இருந்தால், தேர்வின் கடைசி ஐந்து நிமிடம் விடைகளைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை.

அறிகுறி 1: "மூணாவது பேசேஜ் தொடவே முடியல, டைம் போச்சு"

முதலில் ஒரு கணக்கு. நிமிடத்துக்கு 150 சொல் என்பது சாவகாசமான வேகம். அந்த வேகத்திலேயே 2750 சொல்லையும் ஒருமுறை முழுக்கப் படிக்க 18 நிமிடம் சொச்சம் போதும். மீதி 41 நிமிடத்துக்கு மேல் கேள்விகளுக்கு இருக்கிறது. நிமிடத்துக்கு 100 சொல் என்று தவழ்ந்தால்கூட 28 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அப்படியானால் நேரம் எங்கே போனது? திரும்பத் திரும்பப் படித்ததில். ஒரே பத்தியை நான்கு முறை, ஒவ்வொரு கேள்விக்கும் மேலிருந்து கீழே ஒருமுறை.

இதற்குப் பாதிக் காரணம், "பேசேஜைப் படிக்காதே, நேரே கேள்விக்குப் போ, கீவேர்டைத் தேடு" என்ற அறிவுரை. பல இடங்களில் முதல் நாளே இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஊர் தெரியாமல் வீட்டு நம்பர் தேடுகிற கதைதான். எந்தத் தெரு எங்கே இருக்கிறது என்று ஒரு சுற்று நடந்து பார்த்தவன் அதே வீட்டை இரண்டு நிமிடத்தில் கண்டுபிடிப்பான். ஒவ்வொரு பேசேஜுக்கும் ஐந்தாறு நிமிடம் கொடுத்து ஒருமுறை முழுதாகப் படியுங்கள். பத்திக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று சொல்லில் குறிப்பு எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள்: "நோய் வந்தது", "மாற்றுப் பயிர்", "விலை சரிவு". இந்தக் குறிப்புகள்தான் தெருப்பெயர்ப் பலகை.

அடுத்தது நேரப் பங்கீடு. ஆளுக்கு இருபது என்று சமமாகப் பிரிக்காதீர்கள். பேசேஜ்கள் ஒன்றைவிட ஒன்று கடினமாகத்தான் வரும். 17, 20, 23 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கேள்வி ஒன்றரை நிமிடத்துக்கு மேல் இழுத்தால், தோன்றியதை எழுதி ஒரு புள்ளி வைத்துவிட்டு நகருங்கள். முதல் பேசேஜில் 13-க்கு 13 எடுத்தே தீருவேன் என்று 28 நிமிடம் உட்காருகிறவர், கடைசியில் 13 கேள்வியை விட்டுவிட்டு எழுந்திருக்கிறார்.

தாளில் எழுதுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. லிசனிங்கில் விடையை எடுத்தெழுத 10 நிமிடம் தனியாகத் தருவார்கள். ரீடிங்கில் அது கிடையாது. விடைத்தாளிலேயே நேரடியாக எழுதுங்கள். "கடைசியில மொத்தமா எழுதிக்கலாம்" என்று வைத்திருந்து பேனாவைப் பிடுங்கக் கொடுத்தவர்கள் வருஷத்துக்கு ஒருவராவது வருகிறார்கள்.

அறிகுறி 2: "படிக்கிறேன், ஒவ்வொரு வார்த்தையும் தெரியுது, முடிச்சப்புறம் ஒண்ணும் தங்கல"

மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. இது சோம்பலோ கவனக்குறைவோ இல்லை. தமிழில் நினைக்கிற தலைக்கும் ஆங்கில வாக்கியத்துக்கும் உள்ள இடறல்.

தமிழில் ஒரு பெயரைப் பற்றிய விவரமெல்லாம் அந்தப் பெயருக்கு முன்னால் வரிசையாக நிற்கும். வினைமுற்று கடைசியில் வந்து கதவைச் சாத்தும். ஆங்கிலத்தில் பெயர் முதலில் வந்துவிடும். விவரம் 'விச்', 'தட்', 'ஹூ' என்று வாலாகத் தொங்கும். அந்த வாலுக்குள்ளும் ஒரு வினை இருக்கும், முக்கிய வினை அதையும் தாண்டித்தான் வரும். கடைசியில் ஒரே வினைமுற்றை எதிர்பார்த்துப் பழகிய நாம், முதலில் கண்ணில் பட்ட வினையையே முடிவென்று பிடித்துக்கொள்கிறோம்.

ஓர் உதாரணத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். இலங்கையின் காப்பித் தோட்டங்கள் அழிந்து தேயிலை வந்த கதை, இந்தத் தேர்வில் வரும் பேசேஜ் ரகத்துக்கு நன்றாகப் பொருந்தும். காப்பிக்கும் தேயிலைக்கும் நடுவில் அங்கே சின்கோனா என்ற மரத்தையும் நட்டுப் பார்த்தார்கள்; குவினைன் ஒரு மலேரியா மருந்து. அதை வைத்து என் வகுப்புக்காக நானே எழுதிய ஒரு வாக்கியம்:

"தி பார்க் ஆஃப் தி சின்கோனா ட்ரீ, ஃப்ரம் விச் குவினைன் வாஸ் எக்ஸ்ட்ராக்டட், ஃபெட்ச்ட் எ ஹை பிரைஸ் இன் லண்டன்."

இதைப் படித்துவிட்டு "என்ன சொல்லுது?" என்று கேட்டால் பத்தில் ஏழு பேர், "சின்கோனா மரத்துலேருந்து குவினைன் எடுத்தாங்க" என்பார்கள். அது வால். வாக்கியம் சொல்வது, மரப்பட்டை லண்டனில் நல்ல விலைக்குப் போனது என்பதை. 'வாஸ் எக்ஸ்ட்ராக்டட்' வந்ததும் மூளை கடையைச் சாத்திவிட்டது; 'ஃபெட்ச்ட்' வெளியே நிற்கிறது.

சரிசெய்ய ஒரே பயிற்சிதான், அதுவும் சலிப்பான பயிற்சி. தினமும் பத்து நீண்ட வாக்கியங்களை எடுங்கள். இரண்டு கமாவுக்கு நடுவில் இருப்பதையும் 'விச்', 'தட்', 'ஹூ' தொடங்கும் துண்டையும் பென்சிலால் மெல்ல அடைப்புக்குள் போடுங்கள். மிச்சத்தை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள்: பட்டை நல்ல விலைக்குப் போனது. பிறகு அடைப்பைத் திறந்து, தமிழ் முறைப்படி முன்னால் கொண்டுவந்து சேருங்கள்: குவினைன் எடுக்கப்பட்ட சின்கோனா மரத்தின் பட்டை நல்ல விலைக்குப் போனது. மூன்று வாரம் இப்படிச் செய்தால் பென்சில் இல்லாமலே கண் அடைப்புப் போடத் தொடங்கும்.

"தமிழ்ல மொழிபெயர்த்துப் படிக்காதே" என்று திட்டுகிறவர்கள் உண்டு. சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் நேரம் போகும், உண்மைதான். ஆனால் ஒரு பத்தியை முடித்ததும் "இது என்ன சொல்லிச்சு?" என்று தமிழில் ஒரு வரி சொல்லிப் பார்ப்பதுபோல் நல்ல சோதனை எனக்குத் தெரிந்து வேறில்லை. சொல்ல வரவில்லையென்றால் புரியவில்லை. அவ்வளவுதான்.

அறிகுறி 3: "ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்... இதுலதான் மொத்தமும் போகுது"

இங்கே கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். ஒரு கூற்றைக் கொடுத்து, பேசேஜ் அதை உறுதிசெய்தால் ட்ரூ, மறுத்தால் ஃபால்ஸ், ஒன்றும் சொல்லாவிட்டால் நாட் கிவன் என்று போடச் சொல்லும் வகை இது. மற்ற வகைக் கேள்விகளில் ஒன்றிரண்டு போகும், இதில் கொத்தாகப் போகும்.

மேலே பார்த்த கதையில் இன்னும் மூன்று வாக்கியங்கள்:

"தி லீஃப் டிஸீஸ், விச் பிளான்ட்டர்ஸ் ஹேட் ஃபர்ஸ்ட் நோட்டீஸ்ட் இன் 1869, ஹேட் ஆல் பட் வைப்ட் அவுட் தி ஐலண்ட்ஸ் காஃபி பை தி இயர்லி 1890ஸ். நாட் ஆல் ஆஃப் தெம் டர்ன்ட் டு டீ அட் ஒன்ஸ். மெனி ட்ரைட் சின்கோனா ஃபர்ஸ்ட்."

கேள்வியில் தந்திருக்கும் கூற்றுகள் இவை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று: நோய் தீவின் காப்பியை ஒரு செடி விடாமல் அழித்தது. இரண்டு: தோட்டக்காரர்களில் யாருமே உடனே தேயிலைக்கு மாறவில்லை. மூன்று: இலைநோய் 1869-இல்தான் இலங்கைக்கு வந்தது. நான்கு: தேயிலையைவிடச் சின்கோனாவில் லாபம் அதிகம்.

மேலே படிக்குமுன் உங்கள் விடையைக் குறித்துவையுங்கள்.

ஒன்று, ஃபால்ஸ். 'ஆல் பட்' என்றால் 'கிட்டத்தட்ட'. 'ஆல்' என்பதை மட்டும் கண் பிடித்துக்கொண்டு ட்ரூ போடுகிறவர்கள் அதிகம். இதே குடும்பத்தில் இன்னும் இருவர்: 'நத்திங் பட்' என்றால் 'அது மட்டுமே', 'எனிதிங் பட்' என்றால் 'அது தவிர என்ன வேண்டுமானாலும்', அதாவது 'கொஞ்சமும் அப்படியில்லை'. மூன்றிலும் 'பட்' இருக்கிறது, மூன்றிலும் 'ஆனால்' இல்லை.

இரண்டாவதுதான் நம்மூர் ஸ்பெஷல். "எல்லாரும் வரல" என்று தமிழில் சொன்னால் என்ன அர்த்தம்? யாருமே வரவில்லை என்றும் எடுக்கலாம், சிலர்தான் வந்தார்கள் என்றும் எடுக்கலாம். பேசும்போது குரல் ஏறி இறங்குவதை வைத்துப் புரிந்துகொள்கிறோம். ஆங்கில 'நாட் ஆல்' அப்படி இல்லை, அது "எல்லாரும் என்று சொல்லமுடியாது" என்பது மட்டும்தான். உடனே மாறாதவர்கள் இருந்தார்கள் என்பது உறுதி. உடனே மாறியவர்கள் சிலர் இருந்தார்கள் என்பதும் அந்த வாக்கியத்தின் தொனியில் இருக்கிறது. 'யாருமே மாறவில்லை' என்பது அதற்கு எதிர். விடை ஃபால்ஸ். தமிழ்க் காதோடு படித்தவர்கள் ட்ரூ என்று அடித்துவிட்டு, "அப்படித்தானே மிஸ் போட்டிருக்கு?" என்று சண்டைக்கும் வருவார்கள்.

மூன்று, நாட் கிவன். 1869-இல் கவனித்தார்கள் என்றுதான் இருக்கிறது. நோய் அதற்கு ஐந்து வருஷம் முன்பே வந்து கண்ணில் படாமல் இருந்திருக்கலாம், அதே வருஷம் வந்ததாகவும் இருக்கலாம். பேசேஜ் வாய் திறக்கவில்லை.

நான்கும் நாட் கிவன். "நிறையப் பேர் அதை முதல்ல போட்டாங்கன்னா லாபம் இருந்ததாலதானே?" என்று ஒரு கட்சி ட்ரூ போடும். "கடைசியில தேயிலைதானே ஜெயிச்சுது?" என்று இன்னொரு கட்சி ஃபால்ஸ் போடும். இரண்டு கட்சியும் யோசித்துத்தான் போட்டது, யோசித்ததுதான் தப்பு. சின்கோனாவை அளவுக்கு மீறிப் பயிரிட்டு விலை விழுந்த வரலாறு எனக்கும் தெரியும். தெரிந்ததை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகவேண்டும். தேயிலைத் தோட்டம் என்றதும் அங்கே கூட்டிப்போகப்பட்ட நம் சனங்களின் கதை நினைவுக்கு வரும். அதுவும் இந்த ஒரு மணி நேரத்துக்கு வெளியேதான்.

சந்தேகம் வரும்போது நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி. ஃபால்ஸ் போடப்போகிறீர்களா? கூற்றும் பேசேஜும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கமுடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் ஃபால்ஸ். முடியும், ஆனால் பேசேஜ் உறுதிசெய்யவில்லை என்றால் நாட் கிவன். மூன்றாவது கூற்றை இதில் வைத்துப் பாருங்கள்: 1869-இல் கவனித்தார்கள், 1869-இல் வந்தது, இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்கலாம். ஆகவே ஃபால்ஸ் இல்லை.

இந்த வகைக் கேள்விகளின் விடைகள் பேசேஜில் வரிசைப்படியே வரும். ஐந்தாம் கேள்விக்கும் ஏழாம் கேள்விக்கும் இடம் தெரிந்தால் ஆறாவது அந்த இரண்டுக்கும் நடுவில்தான். அந்த நடுப்பகுதியை இரண்டு முறை படித்தும் கிடைக்கவில்லையென்றால் நாட் கிவன் போட்டுவிட்டு நகருங்கள். கிடைக்காத ஒன்றைத் தேடித்தான் பலர் ஆறு நிமிடம் தொலைக்கிறார்கள்.

'எஸ், நோ, நாட் கிவன்' என்று கேட்டால் அது எழுதியவரின் கருத்தைப் பற்றியது. அந்தப் பத்தியில் வேறொரு ஆராய்ச்சியாளரின் கருத்தும் இருக்கலாம். "இது யார் சொன்னது?" என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள், பாதி வேலை முடிந்தது.

கண் தாண்டிப் போகிற சின்னச் சொற்களுக்குத் தனியாக ஒரு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். 'ஹார்ட்லி' என்றால் 'கடினமாக' என்று இல்லை, 'கிட்டத்தட்ட இல்லை'. 'ஃபியூ' என்றால் 'குறைவுதான்', 'எ ஃபியூ' என்றால் 'சில'. 'நாட் அன்டில் 1867' என்றால் 1867-இல்தான் நடந்தது, அதுவரை இல்லை. கூற்றில் 'ஒன்லி', 'ஆல்வேஸ்', 'மோஸ்ட்' என்று எது இருந்தாலும் அந்தச் சொல்லுக்கே தனியாகச் சாட்சி தேடுங்கள்.

அறிகுறி 4: "ஹெடிங் மேட்ச்சிங்ல ரெண்டு ஹெடிங்கும் சரி மாதிரியே தெரியுது"

பட்டியலில் உள்ள ஹெடிங்குகளிலிருந்து ஒவ்வொரு பத்திக்கும் பொருந்துவதை எடுக்கும் கேள்வி இது. தெரியத்தான் செய்யும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். சின்கோனாவைப் பற்றி ஒரு பத்தி: பட்டைக்கு நல்ல விலை, எல்லாரும் நட்டார்கள், சந்தையில் பட்டை குவிந்தது, விலை படுத்தது, மரங்களைப் பிடுங்கினார்கள். நடுவில் குவினைன் என்ற சொல் மூன்று முறை. ஹெடிங்குகளில் ஒன்று 'குவினைனின் பயன்கள்', இன்னொன்று 'நீடிக்காத ஒரு தீர்வு'. முதலாவதைப் போட்டவர் சொல்லைப் பொருத்தியிருக்கிறார். இரண்டாவதைப் போட்டவர் பத்தியைப் பொருத்தியிருக்கிறார். பத்தியில் உள்ள சொல் ஹெடிங்கில் அச்சாக வந்திருந்தால் அதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள்.

மருந்து: ஹெடிங் பட்டியலைக் கையால் மூடிவிட்டுப் பத்தியைப் படித்து, உங்கள் தலைப்பை நீங்களே தமிழில் வையுங்கள். "ஆசை காட்டி மோசம்" என்று ஒரு பையன் வைத்தான், அருமையான தலைப்பு. அதற்குப் பிறகு பட்டியலைத் திறந்தால் 'நீடிக்காத ஒரு தீர்வு' தானாக எழுந்து நிற்கும். பட்டியலை முதலில் படித்தால் பத்து ஹெடிங்கும் தலைக்குள் புகுந்து பத்தியைப் படிக்கவிடாது.

முதல் வரியை மட்டும் படித்து ஹெடிங் போடலாம் என்பது பாதி உண்மை. பல பத்திகள் ஒரு பழைய நம்பிக்கையோடு தொடங்கி 'ஹவெவர்' என்று திரும்பும். திருப்பத்துக்குப் பின்னால் இருப்பதுதான் பத்தி.

இரண்டில் ஒன்று முடிவாகவில்லையா? இரண்டு எண்ணையும் பக்கத்தில் எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போங்கள். ஒன்று வேறு இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். எந்தத் தகவல் எந்தப் பத்தியில் என்று கேட்கும் வகையை மட்டும் கடைசிக்கு வையுங்கள். அதில் விடைகள் வரிசையாக வராது, மற்றக் கேள்விகளை முடிப்பதற்குள் பேசேஜ் ஓரளவு பழகியிருக்கும்.

அறிகுறி 5: "விடை சரிதான், ஆனா தப்பு போட்டுட்டாங்க"

கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்வியில் இரண்டு சொல்லுக்கு மேல் போகாதே என்றால் மூன்றாவது சொல் வந்ததும் மார்க் போச்சு, அந்த மூன்றாவது வெறும் 'தி' ஆனாலும். எழுத்துப்பிழைக்கும் மார்க் கிடையாது. பேசேஜில் இருப்பதைப் பார்த்து எழுதும்போது பிழை விடுவது வயிற்றெரிச்சல். பன்மை 'எஸ்' இருக்கிறதா என்று கோடிட்ட இடத்தைச் சேர்த்து முழு வாக்கியமாக ஒருமுறை படியுங்கள். பேசேஜிலிருந்து எடு என்று சொன்னால் எடுங்கள், உங்கள் சொந்தச் சொல் வேண்டாம். பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்பதைப் பற்றிக் கவலைப்படவேண்டாம். இந்த அறிகுறிக்கு இவ்வளவு போதும்.

அறிகுறி 6: "வொகாபுலரி இல்ல மிஸ்"

பச்சை மை உங்கள் மார்க்கை நன்றாகத் தூக்கியிருந்தால் மட்டும் இதை நம்புங்கள். மூவாயிரம் சொல் பட்டியலை மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. திங்கள் படித்தது வியாழன் இருக்காது. இந்தத் தேர்வு உண்மையில் சோதிப்பது ஒரே செய்தி வேறு சட்டை போட்டு வந்தால் அடையாளம் தெரிகிறதா என்பதை. ஆகவே நோட்டில் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் பேசேஜில் இருந்தது, வலப்பக்கம் கேள்வியில் அதே செய்தி எப்படி வந்தது. 'வைப்ட் அவுட்' இந்தப் பக்கம், 'டெஸ்ட்ராய்ட்' அந்தப் பக்கம். 'டர்ன்ட் டு' இங்கே, 'ஸ்விட்ச்ட் டு' அங்கே. 'அட் ஒன்ஸ்', 'இம்மீடியட்லி'. ஒரு தேர்வுக்கு முப்பது ஜோடி தேறும். பத்துத் தேர்வில் சேர்ந்த முந்நூறு, பட்டியலின் மூவாயிரத்தைவிட உழைக்கும்.

தெரியாத சொல்லைவிட ஆபத்தானது தெரிந்ததாக நினைக்கிற சொல். 'கரண்ட் ரிசர்ச்' என்பதை மின்சார ஆராய்ச்சி என்று எடுத்துக்கொண்டு ஒரு பேசேஜ் முழுக்க மின்சாரத்தைத் தேடிய மாணவர் எனக்கு உண்டு. நமக்குக் கரண்ட் என்றால் போவதும் வருவதும்தானே. அங்கே அது 'தற்போதைய'. 'பிளான்ட்' செடியாகவும் இருக்கும், தொழிற்சாலையாகவும் இருக்கும். 'ஹோட்டல்' அங்கே தங்குமிடம், இட்லி கிடைக்கும் இடமில்லை. நம்மூரில் 'டவுட்' கேட்பது கேள்வி கேட்பது. அங்கே 'டவுட்' என்றால் நம்பாமல் இருப்பது. ஓர் ஆய்வாளர் இன்னொருவர் முடிவை 'டவுட்' செய்தார் என்றால் விளக்கம் கேட்டார் என்று பொருளில்லை. 'ஈவன்ச்சுவலி' என்றால் கொஞ்சம் கொஞ்சமாக என்று இல்லை, கடைசியில். 'அட்ரஸ்' வினையாக வந்தால் ஒரு பிரச்சினையைக் கையிலெடுப்பது.

எதைப் படிப்பது என்று கேட்பார்கள். ஹிந்து தலையங்கம் என்பது நம்மூர்ப் பரம்பரைப் பதில். வங்கித் தேர்வுக்குச் சரி. ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் பேசேஜ் பெரும்பாலும் வேறு ரகம்: ஒரு பூச்சி எப்படி வழி கண்டுபிடிக்கிறது, கண்ணாடி செய்யும் தொழில் எப்படி வளர்ந்தது என்று விளக்கிச் சொல்கிற கட்டுரைகள். அறிவியல் பக்கம், அருங்காட்சியகங்களின் இணையப் பக்கங்கள், விலங்குகள் பற்றிய நீண்ட கட்டுரைகள். அவற்றில் வாரத்துக்கு மூன்று போதும், பத்திக்கொரு தமிழ் வரி எழுதிப் படித்தால்.

அறிகுறி 7: "வீட்ல 32 வருது, எக்ஸாம்ல 26"

வீட்டில் எப்படிச் செய்தீர்கள் என்று விசாரித்தால் உண்மை வெளிவரும். ஒரு பேசேஜ் முடித்துச் சாப்பாடு, மாலையில் இன்னொன்று. அதுவும் போனில். முழு 60 நிமிடம் ஒரே மூச்சில் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. மூன்றாவது பேசேஜ் கடினமாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் 40 நிமிடம் ஏற்கெனவே கழிந்திருப்பதுதான். கடைசி மூன்று வாரம் வாரத்துக்கு இரண்டு முழுத் தேர்வு, லிசனிங்கை முடித்த கையோடு. கம்ப்யூட்டரில் எழுதப்போகிறவர்கள் கம்ப்யூட்டரிலேயே பயிற்சி செய்யுங்கள். இடப்பக்கம் பேசேஜ், வலப்பக்கம் கேள்வி, இரண்டையும் தனித்தனியாக உருட்டவேண்டும். மஞ்சள் பூசும் வசதியை முதல்முறையாகத் தேர்வு அறையில் தேடக்கூடாது.

அறிகுறி 8: "இருபது டெஸ்ட் போட்டுட்டேன், மார்க் நகரல"

இருபது முறை எடை பார்த்தால் இளைக்கமாட்டோம். தேர்வு எழுதுவது எடை பார்ப்பது மாதிரி. திருத்திய பிறகு என்ன செய்தீர்கள் என்பதில்தான் இருக்கிறது.

ஒரு செவிலியர் வந்தார். இரவு ட்யூட்டி முடித்து நேராக வகுப்புக்கு வருவார். பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய ரீடிங்கில் 7 வேண்டும். இவர் இரண்டு முறை 6.5. புதுத் தேர்வுகள் போடுவதை நிறுத்தச் சொன்னேன், கோபப்பட்டார். பழைய ஆறு தேர்வுகளின் தப்புகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதவைத்தேன்: நான் போட்டதை ஏன் சரியென்று நினைத்தேன், சரியான விடையைப் பேசேஜில் எந்த வரி காட்டுகிறது. "கவனக்குறைவு" என்று எழுத அனுமதியில்லை, அது காரணமே இல்லை. மூன்றாம் நாள் அவரே நோட்டைத் திருப்பிக் காட்டினார். பக்கத்துக்குப் பக்கம் 'சம்' என்றிருந்ததை 'ஆல்' என்று படித்திருக்கிறார், 'மே' என்றிருந்ததை 'வில்' என்று. "வார்டுல டாக்டர் எழுதினதை இப்படிப் படிச்சா என்ன ஆகும் மிஸ்?" என்று அவரே சிரித்தார். மருந்துச் சீட்டில் அளவைச் சரிபார்க்கிற மாதிரி ஒவ்வொரு கூற்றிலும் அளவுச் சொல்லுக்கு வட்டம் போடச் சொன்னேன். அடுத்த முறை 7.5.

எல்லாருக்கும் இப்படி ஒரே ஓட்டை இருக்காது. இரண்டு மூன்று இருக்கும். ஆனால் பத்து இருக்காது. நாற்பது தப்புகளை இப்படி எழுதி முடிப்பதற்குள் உங்கள் இரண்டு மூன்றும் கையில் சிக்கிவிடும். ஒரு தேர்வைப் போட ஒரு மணி நேரம் என்றால் அலச மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி 9: "மத்த மூணும் ஓகே, ரீடிங் மட்டும் அரை பேண்ட் குறையுது"

முழுத் தேர்வுக்கு மறுபடி பணம் கட்டுமுன் ஒரு விஷயம் பாருங்கள். கம்ப்யூட்டரில் எழுதியிருந்தால் 'ஒன் ஸ்கில் ரீடேக்' என்று ஒரு பகுதியை மட்டும் திரும்ப எழுதும் வசதி இருக்கிறது. முதலில் எழுதிய தேதியிலிருந்து 60 நாளுக்குள் எழுதவேண்டும், ஒரு தேர்வுக்கு ஒரு முறைதான். எல்லா நாடும் எல்லாப் பல்கலைக்கழகமும் இதை ஏற்பதில்லை, ஆகவே நீங்கள் விண்ணப்பிக்கும் இடத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள். 60 நாளில் முதல் வாரத்தை மூன்று மை சோதனைக்கும் தப்பு நோட்டுக்கும் ஒதுக்குங்கள். எந்த அறிகுறி என்று தெரிந்தபிறகு தேதி பிடிக்கலாம்.